உண்ணச் செல்வதும் உடுத்திச் செல்வதும்

டில்லியில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். வீட்டுப் பிள்ளை முதன்முதலாகச் சம்பளம் வாங்கியிருக்கிறான். அனைவரையும் ஒரு பெரிய உணவகத்துக்கு அழைத்துச் சென்று விருந்தளிக்க வேண்டும் என்பது அவன் ஆசை. ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டனார் மாலையில் குளித்து, சலவை வேட்டியும் வெள்ளைச் சட்டையும் அணிந்து, தோளில் அங்கவஸ்திரத்தை மடித்துப் போட்டுக்கொண்டு, எல்லோருக்கும் முன்னதாகக் கூடத்தில் வந்து அமர்ந்துவிடுகிறார். சாயம் வெளுத்த ஜீன்ஸும் பனியன் துணிச் சட்டையுமாக வரும் பேரன் அவரைக் கண்டு தயங்குகிறான். "தாத்தா, அங்கே வேட்டியோடு உள்ளே விடுவார்களோ என்னவோ! அப்பாவின் பேன்ட் ஒன்றைப் போட்டுக்கொள்கிறீர்களா?" என்று மெல்லக் கேட்கிறான்.

அக்குடும்பத்தில் அன்று மிகுந்த கவனத்தோடு உடுத்தியிருப்பவர் அந்தப் பெரியவரே. வாயிற்காவலர் தடுத்து நிறுத்தக்கூடியவரும் அவரேதாம். இவ்விசித்திர நிலை எவ்வாறு உண்டாயிற்று என்பதைச் சற்று ஆராய்வோம்.

உண்பதற்கென ஒரு கோலம் கொள்வது நமக்குப் புதியதன்று. ஆனால் நமது பழைய வழக்கம் மேனாட்டு வழக்கத்துக்கு நேர் எதிரானது. ஆசாரம் மிகுந்த குடும்பங்களில் உணவுக்கு அமர்பவர் சட்டையைக் கழற்றிவிட்டு, துவைத்து உலர்த்திய ஆடையுடன் இலைமுன் அமர்வர். அதாவது, அங்கே உடையைக் குறைத்துக்கொள்வதே மரியாதை. தூய்மையே அதன் அடிப்படை. அத்தூய்மை உணர்ச்சியோடு ஒரு குறையும் கலந்திருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. யார் சமைத்தது, யாருடன் ஒரே பந்தியில் அமர்வது என்ற கேள்விகள் அதனுடன் பின்னிக் கிடந்தன. ஆகவே வெளியில் உண்பது கௌரவக் குறைவாக எண்ணப்பட்டது. பயணம் போகிறவர்கள் கட்டுச்சோற்று மூட்டையுடன் புறப்பட்டார்கள்.

ஆங்கிலேயரின் வழக்கமோ வேறு. அவர்களுள் மேல்வகுப்பினர் இரவு உணவுக்கு உடையைக் கூட்டிக்கொண்டார்கள். விறைத்த கழுத்துப்பட்டையும் கறுப்புக் கோட்டும் இல்லாமல் உணவு மேசையை அணுகலாகாது. பின்னாளில் ஏழாம் எட்வர்டு மன்னராக முடிசூடிய வேல்ஸ் இளவரசர், 1865இல் லண்டன் தையற்கடை ஒன்றில் வால் இல்லாத குட்டைக் கோட்டு ஒன்றைத் தைக்கச் சொன்னார் என்றும், இன்று 'டின்னர் ஜாக்கெட்' எனப்படும் விருந்துக் கோட்டு அதிலிருந்து பிறந்தது என்றும் கூறுவர். வால் கோட்டின் இறுக்கத்திலிருந்து விடுபடத் தோன்றிய அந்த எளிய உடையே காலப்போக்கில் கண்டிப்பான விதியாகிவிட்டது. உடையின் வரலாற்றில் இது அடிக்கடி நிகழ்வது.

இவ்வழக்கத்தை அவர்கள் கடல் கடந்து இங்கும் கொண்டுவந்தார்கள். கல்கத்தாவில் 1827இலும் சென்னையில் 1832இலும் தங்களுக்கென மன்றங்கள் அமைத்துக்கொண்டார்கள். சித்திரை வெயிலிலும் அங்கே இரவு விருந்துக்குக் கோட்டு அணிந்தே அமர்ந்தனர். அந்தக் கோட்டுக்குள் சட்டையின்மேல் இடுப்பைச் சுற்றிக் கட்டிய பட்டுத் துணிக்கு 'கம்மர்பண்டு' என்று பெயர். வடநாட்டில் வாழும் நேயர்களுக்கு இச்சொல்லை விளக்க வேண்டியதில்லை. கமர் என்றால் இடுப்பு. கமர்பந்து இடுப்புக் கட்டு. இந்நாட்டாரின் இடுப்புக் கச்சையைக் கண்டு ஆங்கிலப் படை அதிகாரிகள் தங்கள் விருந்துடையில் சேர்த்துக்கொண்டது அது. அந்த மேசையில் முதலில் பரிமாறப்பட்ட 'மல்லிகட்டானி' சூப்போ நமது மிளகுத் தண்ணீர்தான். நம் மிளகுத் தண்ணீர் உள்ளே சென்றது. நம் நாட்டு இடுப்புக் கச்சையும் உள்ளே சென்றது. வேட்டி கட்டிய மனிதர் மட்டும் வாயிலுக்கு வெளியே நின்றார்.

இதே காலத்தில் தமிழ்நாட்டுக் கடைத்தெருக்களில் மற்றொரு வகைக் 'கிளப்' தோன்றியது வேடிக்கையானது. காபியும் இட்டிலியும் விற்ற கடையை நம் மக்கள் 'காபி கிளப்' என்று அழைத்தார்கள். துரைமார்களின் கிளப்பில் நுழையக் கோட்டு வேண்டும். காபி கிளப்பில் நுழையக் கையில் காசு இருந்தால் போதும் என்று சொல்லத் தோன்றும். ஆனால் அங்கும் சாதி பார்த்து இடம் ஒதுக்கிய கடைகள் பல இருந்தன. உணவுச்சாலையின் வாயிலில் மனிதனை மனிதன் தடுப்பது வெள்ளையர் மட்டும் செய்த காரியமன்று. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

விருந்துடையின் மயக்கத்தையும் அதிலிருந்து பெற்ற விடுதலையையும் ஒரே வாழ்க்கையில் காண விரும்பினால் காந்தியடிகளைப் பார்க்க வேண்டும். 1888இல் சட்டம் பயில லண்டன் சென்ற இளைஞர் மோகன்தாஸ், பாண்டு தெருவில் பத்துப் பவுன் செலவிட்டு மாலை விருந்துக்குரிய உடை தைத்துக்கொண்டதைத் தம் சுயசரிதையில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அதே மனிதர் 1921 செப்டம்பர் 22ஆம் நாள் மதுரையில், ஏழை உழவன் உடுத்தும் அரையாடையைத் தம் உடையாக ஏற்றார். 1931இல் வட்டமேஜை மாநாட்டுக்குச் சென்றபோது, பக்கிங்ஹாம் அரண்மனையில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அளித்த தேநீர் விருந்துக்கும் அரையாடை, போர்வை, செருப்பு ஆகியவற்றுடனேயே சென்றார். அரண்மனை வாயில் அவருக்குத் திறந்தது. விருந்தின் கண்ணியம் கோட்டில் இல்லை என்பதை அந்த ஒரு மாலைப்பொழுது உலகுக்குக் காட்டிவிட்டது.

விடுதலைக்குப் பின், 1950இல் நடைமுறைக்கு வந்த நமது அரசியலமைப்புச் சட்டம் பொது உணவகங்களின் கதவைச் சட்டப்படி திறந்துவிட்டது. மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றின் பேரால் கடைகளிலும் பொது உணவகங்களிலும் விடுதிகளிலும் எவரையும் தடுக்கலாகாது என்று அதன் 15ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் அந்தப் பட்டியலில் உடை என்ற சொல் இல்லை. பழைய காவல் புதிய வேடத்தில் நுழைவதற்கு இந்த இடைவெளி போதுமானதாயிற்று.

அக்காலத்தில் பெருநகரங்களில் குடியேறிய நடுத்தரக் குடும்பங்களுக்கு வெளியே உண்பது ஆண்டில் ஓரிரு முறை வரும் திருநாள். பெண்கள் பட்டுப் புடவையை எடுத்து உடுத்திப் பூச்சூடிக்கொள்வார்கள். பிள்ளைகளுக்குத் தீபாவளிச் சட்டை. அலுவலகக் கோட்டு இருந்தால் தந்தை அதை அணிவார். கன்னாட்டு வட்டத்திலோ கல்கத்தாவின் பார்க் தெருவிலோ உள்ள உணவகத்துக்குள் நுழையும்போது நெஞ்சு சற்றுப் படபடக்கத்தான் செய்யும். எந்தக் கரண்டியை எடுப்பது என்ற கவலை ஒருபுறம். பரிமாறுபவர் நம் உடையைப் பார்த்து என்ன எண்ணுவாரோ என்ற கவலை மறுபுறம்.

அந்தக் கூச்சத்தை உடைத்தவர்களுள் ஒருவர் நம்மவரே. பம்பாயில் தமிழ்க் குடும்பமொன்றில் 1947இல் பிறந்த உஷா உதுப் 1969இல் சென்னை 'நைன் ஜெம்ஸ்' விடுதியிலும், பின்னர் பார்க் தெருவின் 'டிரிங்காஸ்' உணவகத்திலும் பாடத் தொடங்கினார். இத்தகைய மேடைகளில் பாடகியர் மேனாட்டு கவுன் அணிவதே வழக்கமாயிருந்த நாளில், அவர் காஞ்சிபுரம் புடவையும் பெரிய பொட்டுமாக நின்று ஆங்கிலப் பாடல்களைப் பாடினார். 2024இல் அவருக்குப் பத்மபூஷண் விருது அறிவிக்கப்பட்டது. அவர் உடையை மாற்றிக்கொள்ளவில்லை. அவர் நின்ற இடமே அந்த உடைக்குப் பழகிக்கொண்டது.

உடைக் கவலையே இல்லாத உணவகங்களும் அன்றே இருந்தன. பம்பாய் மாதுங்காவில் 1942இல் தொடங்கிய இராம நாயக்கரின் உடுப்பி போர்டிங்கில், வாழையிலைமுன் வக்கீலும் குமாஸ்தாவும் வரிசை காத்து அமர்ந்தார்கள். இரானி ஹோட்டல்களின் பளிங்கு மேசைகளில் ஆலைத் தொழிலாளியும் பத்திரிகையாசிரியரும் அருகருகே தேநீர் பருகினார்கள். 1957 முதல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்திவரும் இந்தியன் காபி ஹவுஸ்களைப் பாருங்கள். அங்கே கஞ்சி போட்டு விசிறிபோல் விரிந்த தலைப்பாகையும் அகன்ற இடைக்கச்சையும் அணிந்திருப்பவர் பரிமாறுபவர். கசங்கிய கதர் ஜிப்பாவுடன் மணிக்கணக்காக அமர்ந்து விவாதிப்பவர் வாடிக்கையாளர். ஒரு காலத்தில் பிரபுக்கள் அணிந்த தலைப்பாகையைப் பணியாளருக்கு அணிவித்தது ஆங்கிலேயர் காலத்து மரபு. பெரிய ஹோட்டல்களின் வாயிலில் மகாராஜாவைப் போல நிற்கும் காவலரும் அம்மரபின் எச்சமே. மகாராஜாவின் உடை அணிந்தவர் கதவைத் திறக்கிறார். அதே நாட்டு உடையில் விருந்தினர் வந்தால் சில இடங்களில் கதவு திறப்பதில்லை!

இன்று நிலைமை பெரிதும் மாறிவிட்டது. வெளியே உண்பது திருநாளாக இருந்தது போய், வாராந்தர வழக்கமாயிற்று; பலருக்கு அன்றாட வழக்கமே ஆயிற்று. அடிக்கடி செய்யும் காரியத்துக்கு யாரும் பட்டுடுத்துவதில்லை. கணினித் துறை அலுவலகங்கள் கோட்டையும் டையையும் கைவிட்டதால், அலுவலகத்திலிருந்து நேரே உணவகம் செல்பவரின் உடையும் எளிதாயிற்று. பெருங்கடை வளாகங்களில் துணி வாங்க வந்தவர்கள் அதே உடையில் உண்ணவும் அமர்கிறார்கள். 2020இல் பரவிய கொள்ளைநோய் உணவகத்தையே வீட்டு வாயிலுக்குக் கொண்டுவந்தது. மாதக்கணக்கில் வீட்டு உடையில் உண்டு பழகியவர்கள் மீண்டும் வெளியே வந்தபோது, பழைய விறைப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

இவ்வளவு தளர்ச்சிக்கு நடுவிலும் தடைகள் மறையவில்லை என்பதே வியப்பு. 2014 ஜூலையில் சென்னையில் ஒரு மன்றத்தில் நடந்த நூல் வெளியீட்டுக்கு வேட்டியணிந்து சென்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் உள்ளே அனுமதிக்கப்படவில்லை. அடுத்த மாதமே தமிழ்நாடு சட்டமன்றம், பொது இடங்களிலும் மன்றங்களிலும் வேட்டி முதலிய இந்திய மரபுடைகளைத் தடுப்பதைக் குற்றமாக்கிச் சட்டம் இயற்றியது. உரிமம் இரத்து, ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம் ஆகியவை அதிலுள்ள தண்டனைகள். 2017 ஜூனில் டில்லியில் ஒரு மன்றத்துக்கு மதிய விருந்தினராக அழைக்கப்பட்ட மேகாலயப் பெண்மணி ஒருவர், காசி மக்களின் ஜைன்செம் உடையில் இருந்ததால் வேலைக்காரியென்று கருதப்பட்டு வெளியேறும்படி சொல்லப்பட்டார். மன்றம் பின்னர் வருத்தம் தெரிவித்தது. 2023 டிசம்பரில் மும்பை ஜுஹுவில் ஓர் உணவகத்தில், வெள்ளைச் சட்டையும் வேட்டியும் அணிந்து சென்ற தமிழர் ஒருவர் தமக்கு அனுமதி மறுக்கப்பட்டதாகக் காணொளியில் முறையிட்டார்.

நேயர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2014ஆம் ஆண்டுச் சட்டம் தமிழ்நாட்டு எல்லைக்குள் மட்டுமே செல்லும். மும்பையிலோ டில்லியிலோ கல்கத்தாவிலோ வாழும் நாம் அதன் துணையை நாட இயலாது. அங்கு நமக்குத் துணை நமது தன்மதிப்பும், மெல்ல மாறிவரும் பொதுக் கருத்துமே. அக்கருத்து மாறி வருகிறது என்பதற்கு நல்ல சான்று உண்டு. ஆங்கிலேயர் விட்டுச் சென்ற விருந்து முறைகளைக் கண்டிப்பாகப் போற்றிவந்த இந்தியக் கடற்படையே, 2024 பிப்ரவரியில் தன் அதிகாரிகளின் உணவுக் கூடங்களில் குர்த்தா, பைஜாமா, கையில்லாச் சட்டை ஆகியவற்றை அனுமதித்தது.

அப்படியானால் உணவகங்கள் உடையைப் பற்றி ஒன்றுமே கேட்கக் கூடாதா? அப்படிக் கூறுவதும் சரியன்று. கூடி உண்ணும் இடத்தில் அழுக்கும் அலங்கோலமும் மற்றவர்களை வருத்தும். உடுத்தியிருப்பது தூய்மையாக உள்ளதா, சபைக்கு ஏற்றதாக உள்ளதா என்று கேட்பது நியாயம். எந்த நாட்டு உடை, எந்த வகுப்பார் உடை என்று கேட்பது நியாயமன்று. முன்னது விருந்தினர் அனைவர்க்கும் செய்யும் மரியாதை. பின்னது ஒருவரைத் தாழ்த்துவதற்கு இடும் வேலி. பழைய நாளில் இவ்விரண்டும் ஒன்றாய்க் கலந்து கிடந்தன. வேலியைப் பிடுங்கும் வேகத்தில் மரியாதையையும் பிடுங்கி எறிந்துவிடாமல் இருப்பதே நாம் கொள்ள வேண்டிய விவேகம்.

மீண்டும் டில்லிக் குடும்பத்துக்கு வருவோம். பேரன் செய்யத்தக்கது எளிது. இடம் ஒதுக்கத் தொலைபேசியில் பேசும்போதே, "எங்கள் வீட்டுப் பெரியவர் வேட்டியில் வருவார், தடையொன்றும் இல்லையே?" என்று அவன் கேட்டுவிடலாம். இல்லையென்றால் மகிழ்ச்சி. உண்டென்றால் அந்தப் பணத்தை வாங்கிக்கொள்ள நகரத்தில் நல்ல உணவகங்கள் வேறு எத்தனையோ உள்ளன. புறப்படும் வேளையில் பெரியவரை உடை மாற்றச் சொல்வதைக் காட்டிலும், அவன் தானே உள்ளே போய் இஸ்திரி போட்ட சட்டை ஒன்றை அணிந்து வரலாம். விருந்து யாருக்காக என்பது பெரியவருக்கு அப்போது சொல்லாமலே விளங்கும்.