கூஸ்கோ நகரின் கல்லும் ஓவியமும்

தென் அமெரிக்காவிலுள்ள பெரு நாட்டில், ஆண்டிஸ் மலைகளின் நடுவே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது கூஸ்கோ. காற்று மெலிந்த இடமாதலால் புதிதாக வருவோருக்குத் தலைவலியும் மூச்சுத் திணறலும் வரும். முதல் நாள் ஓய்வெடுப்பதே நல்லது. அவ்வூரார் கோக்கா இலை போட்ட வெந்நீரைக் குடிக்கக் கொடுப்பார்கள்.

இன்காப் பேரரசின் தலைநகரான இதனை 1533ஆம் ஆண்டு பிசாரோவின் தலைமையில் வந்த ஸ்பானியர் கைப்பற்றினர். அவர்கள் பழைய அரண்மனைச் சுவர்கள் பலவற்றின் மேலேயே தங்கள் வீடுகளையும் கோவில்களையும் எழுப்பினர். இன்றும் ஒரே சுவரில் கீழே இன்காக்களின் கல்லையும், மேலே வெள்ளையடித்த ஸ்பானியச் சுவரையும் காணலாம். ஹாதுன் ருமியோக் தெருவில் பன்னிரண்டு மூலைகள் கொண்ட கல் ஒன்று, சாந்து ஏதுமின்றிச் சுற்றியுள்ள கற்களோடு அப்படியே பொருந்தி நிற்கிறது. இச்சுவர்கள் சற்றே உட்புறம் சாய்ந்தவை. 1950ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் நிலம் நடுங்கியபோது, சூரியக் கோவிலின் மேல் கட்டப்பட்ட தொமினிக் சபையார் மடம் பெரிதும் இடிந்தது. அடியிலிருந்த இன்காச் சுவர்களோ நிலைத்து நின்றன.

கல்லின் பெருமையை எல்லோரும் எழுதுகிறார்கள். மாணவியராகிய நாம் அவசியம் அறிய வேண்டியது, நகரச் சதுக்கத்தில் உள்ள இயேசு சபையார் கோவிலில் இருக்கும் ஒரு பெரிய திருமண ஓவியம்.

மணமகள் பெயத்ரீஸ் கிளாரா கோயா, இன்கா அரசர் சாய்ரி துபாக்கின் மகள். சிறு வயதிலேயே தந்தையை இழந்த அவள், கூஸ்கோவின் புனித கிளாரா கன்னியர் மடத்தில் வளர்ந்தாள். ஸ்பானியருக்கும் இன்காப் பெண்களுக்கும் பிறந்த சிறுமியரைத் தாய்மாரிடமிருந்து பிரித்து, ஸ்பானிய முறையில் வளர்ப்பதும் அம்மடத்தின் பணியாக இருந்தது. அந்தத் தாய்மாரின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

1572இல் பெயத்ரீஸின் சிறிய தந்தை துபாக் அமாரு சிறைபிடிக்கப்பட்டு, கூஸ்கோ சதுக்கத்தில் தலை வெட்டப்பட்டார். அவரைப் பிடித்த தளபதி மார்ட்டின் கார்சியா தெ லொயோலா, புனித இஞ்ஞாசியாரின் குடும்பத்தில் வந்தவர். ஸ்பானிய அரசப் பிரதிநிதி தொலேதோ அவருக்கே பெயத்ரீஸைப் பரிசுபோல மணம் பேசினார். அவளோடு அவளுடைய பெரும் நிலங்களும் போகும் அல்லவா? பல ஆண்டுகள் வழக்கு நடந்த பிறகே திருமணம் நிறைவேறியது. 

ஓவியம் வரையப்பட்டதோ 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். இன்கா அரச குலமும் இஞ்ஞாசியாரின் குலமும் உறவாயின என்று காட்டுவதே அதன் நோக்கம். மணமகள் இன்கா உடையில் நிற்கிறாள். ஒரு பக்கம் அவளுடைய உறவினர் அமர்ந்து திருமணத்தைப் பார்க்கிறார்கள். அவர்களுள் ஒருவராகத் துபாக் அமாருவையும் உயிரோடு உட்கார வைத்து வரைந்திருக்கிறார்கள். அவர் தலை வெட்டப்பட்ட சதுக்கம் அக்கோவில் வாசலுக்கு நேர் எதிரே இருக்கிறது.