இருபது விநாடிகளில் எது திருப்பம்?

லண்டனுக்கு வடமேற்கே உள்ள வாட்ஃபர்ட் என்ற ஊரில் கால்பந்து ரசிகர்கள் நாலு பேர் ஒன்றுகூடினால், 2013-ஆம் வருஷம் மே மாதம் 12-ந் தேதி விகாரேஜ் ரோடு மைதானத்தில் நடந்த ஆட்டத்தைப் பற்றிய பேச்சு எப்படியும் வந்து சேரும். வந்து சேர்ந்ததும், அந்த ஆட்டம் எந்த க்ஷணத்தில் தங்கள் பக்கம் திரும்பியது என்ற பழைய தர்க்கமும் புதிதாய்க் கிளம்பும். வெற்றி கைக்கு வந்து எத்தனையோ வருஷங்களாகிவிட்டபோதிலும், அது எந்த வாசல் வழியாக வந்தது என்பதில் மட்டும் அவர்களுக்குள் இன்னும் ஒற்றுமை ஏற்படவில்லை.

ஆட்டத்தின் விசேஷம் விளங்க வேண்டுமானால் அதன் பின்னணியைச் சற்றுச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் இரண்டாம் படியான சாம்பியன்ஷிப் பந்தயத்தில் 24 அணிகள் ஆடுகின்றன. முதல் இரண்டு ஸ்தானங்களைப் பெறுவோர் நேராகப் பிரீமியர் லீகுக்கு உயர்ந்துவிட, அந்நாளைய விதிப்படி மூன்றிலிருந்து ஆறு வரை நின்ற நான்கு அணிகள் மிச்சமிருக்கும் ஓர் இடத்துக்காக ‘பிளே-ஆஃப்’ ஆட்டங்களில் மோதிக்கொண்டன. அந்த வருஷம் வாட்ஃபர்ட் 77 புள்ளிகளுடன் மூன்றாவது. லெஸ்டர் சிட்டி 68 புள்ளிகளுடன் ஆறாவது. ஒரு வருஷத்து உழைப்பில் விளைந்த ஒன்பது புள்ளி வித்தியாசத்துக்குப் பிளே-ஆஃபில் எவ்வித மதிப்பும் கிடையாது என்பது எனக்கு எப்போதுமே சற்றுக் கொடுமையாகத் தோன்றுவதுண்டு.

அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் லெஸ்டர் 1-0 என்று வென்றிருந்தது. இரண்டாவது ஆட்டத்தில் வாட்ஃபர்டின் விட்ரா ஒரு கோல் போட, லெஸ்டரின் நியூஜென்ட் உடனே பதில் சொல்ல, 65-வது நிமிஷத்தில் விட்ரா மறுபடியும் ஒன்று போட்டார். இரண்டு ஆட்டங்களையும் கூட்டினால் 2-2. கூடுதல் நேரம் நிச்சயம் என்று எல்லோரும் எண்ணியிருக்கையில், நடுவர் சேர்த்துக் கொடுத்த நிமிஷங்களும் தீரும் தறுவாயில், லெஸ்டரின் இளம் வீரர் நோக்கார், பின்னால் வந்த வாட்ஃபர்டின் கசெட்டியின் உரசலில் விழுந்தார். நடுவர் மைக்கேல் ஆலிவர் பெனால்டி கொடுத்தார்.

எட்டு நாட்களுக்கு முன் நாட்டிங்ஹாமில் இதே நோக்கார் கடைசி நேரத்தில் போட்ட கோல்தான் லெஸ்டரைப் பிளே-ஆஃபுக்குள் கொண்டுவந்து சேர்த்தது. அதே தினத்தில் வாட்ஃபர்டின் கோல்கீப்பர் அல்முனியா, ஆட்டம் தொடங்குமுன் உடலைச் சூடேற்றும் பயிற்சியிலேயே காயமுற்று விலகியிருந்தார். இப்போது அந்த இருவரும் நேருக்கு நேர் நின்றார்கள். நோக்கார் உதைத்த பந்து, பாய்ந்துவிட்ட அல்முனியாவின் பின்தங்கிய காலில் பட்டுத் திரும்பியது. ஓடிவந்து நோக்கார் மறுபடி உதைத்ததையும் அல்முனியா எழுந்து மறித்தார். கசெட்டி பந்தைத் தூர அடித்தார். அன்யா அதைப் பற்றிக்கொண்டு முன்னேறி ஃபாரஸ்டியேரியிடம் தள்ளினார். அவர் தூரக் கம்பத்தை நோக்கி உயரமாக அனுப்பினார். அங்கே ஹாக் எழும்பித் தலையால் கீழே இறக்கிக் கொடுக்க, ட்ராய் டீனி இறங்கி வந்த பந்தை ஓங்கி அடித்தார். பெனால்டி உதைக்கும் கோலுக்கும் இடையே கழிந்தது ஏறக்குறைய 20 விநாடிகள். வாட்ஃபர்டின் பயிற்சியாளர் ஜோலா எல்லைக்கோட்டருகே ஓட முயன்று தடுக்கி விழுந்தார்.

திருப்பம் அல்முனியாவின் காலில் நேர்ந்தது என்பதே பெரும்பான்மையோரின் அபிப்பிராயம். ஆனால் முதல் தடுப்பில் அதிர்ஷ்டத்தின் பங்கு அதிகம், இரண்டாவது தடுப்புக்குத்தான் அவரைக் கொண்டாட வேண்டும் என்று அதிலேயே ஓர் உட்பிரிவு உண்டு. நிதானமுள்ள சிலர் விட்ராவின் இரண்டாவது கோலையே பிரதானமாகச் சொல்வார்கள். அது இல்லாவிட்டால் கடைசி நிமிஷத்துச் சாகசங்களுக்கு இடமே ஏது? லெஸ்டர்க்காரர்களின் கணக்கு வேறு: கோலை எதிர்பார்த்து முன்னே திரண்டுவிட்ட வீரர்கள் திரும்பி ஓடிவருவதற்குள் பின்புறம் வெறிச்சோடிக் கிடந்தது என்பது அவர்கள் மனத்தை இன்றும் அறுக்கிறது. இன்னும் பின்னால் போய்த் தேடுவோரும் உண்டு. டீனி 2012-ல் ஒரு கைகலப்பு வழக்கில் தண்டனை பெற்றுச் சில மாதங்கள் சிறையிலிருந்தார். அவ்வருஷமே தகப்பனாரையும் இழந்தார். விடுதலையாகி வந்தவரைக் கழகம் மறுபடி ஏற்றுக்கொண்ட தினமே உண்மையான திருப்பம் என்று சொல்பவரை மறுத்துப் பேச எனக்கு மனம் வராது.

ஆயினும் என்னைக் கேட்டால், ஹாக்கின் தலையில் பட்ட அந்தத் தொடுகையைத்தான் சொல்வேன். பெனால்டியைத் தடுப்பதைத் தவிர அல்முனியாவுக்கு வேறு வழியில்லை. தூர அடிப்பதைத் தவிரக் கசெட்டிக்கும் வேறு வழியில்லை. காலடியில் வந்ததை அடிப்பதைத் தவிர டீனிக்கும் வேறு வேலையில்லை. ஹாக் ஒருவருக்குத்தான் இரண்டு வழிகள் இருந்தன. கம்பத்தருகே பந்து தம்மை நோக்கி இறங்கிவருகையில், ஊரே மூச்சடக்கி நிற்கையில், தாமே கோலை நோக்கி முட்டிப் பார்க்க அவருக்குப் பூரண உரிமை இருந்தது. எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஒரு நொடிக்கும் குறைவான அந்த அவகாசத்தில், தம்மைவிட நல்ல இடத்தில் ஒருவன் வந்துகொண்டிருக்கிறான் என்று அறிந்து, வேகத்தை அடக்கி, உதைப்பவனுக்கு இசைவாகப் பந்தை இறக்கித் தந்தது அபூர்வமான விவேகம். படத்தை மறுபடி பார்க்கிறவர்கள் கண்ணை டீனியிடமிருந்து எடுத்து ஹாக்கின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும்.

வெம்ப்லியில் மே 27-ந் தேதி நடந்த இறுதி ஆட்டத்தில் வாட்ஃபர்ட் கிரிஸ்டல் பேலஸிடம் 1-0 என்று தோற்றது. கூடுதல் நேரத்தில் விழுந்த அந்த ஒரே கோலும் பெனால்டிதான். பிரீமியர் லீகை அடைய வாட்ஃபர்டுக்கு மேலும் இரண்டு வருஷங்கள் பிடித்தன. லெஸ்டரோ மறுவருஷமே முதலிடம் பெற்று, நோக்காரையும் உடன் கொண்டு உயர்ந்து, 2016-ல் நாட்டின் சாம்பியன் பட்டத்தையே வென்றது. ஹாக் அந்தக் கோடையிலேயே ஹட்டர்ஸ்ஃபீல்டுக்கு மாறிச் சென்று, 2017-ல் அதே பிளே-ஆஃப் வழியாக அவ்வணியுடன் பிரீமியர் லீகுக்கு ஏறினார்.