மாசூட்டிய மின்கடத்தாப் பொருள்களில் காந்த ஒழுங்கை அணு அளவில் காணல்

முன்னுரை

காந்தம் என்றதும் இரும்பை ஈர்க்கும் பொருளே நினைவுக்கு வரும். எதிர் ஃபெர்ரோ காந்தப் பொருள்கள் அவ்வாறு ஈர்ப்பதில்லை. அவற்றில் அடுத்தடுத்த அணுக்களின் தற்சுழற்சிகள் எதிரெதிர்த் திசைகளில் அமைந்து, ஒன்றின் காந்தத்தை மற்றொன்று ஈடுசெய்துவிடுகின்றது. 1930களில் லூயி நீல் கருத்தளவில் முன்வைத்த இவ்வொழுங்கை, 1949இல் ஷல், ஸ்மார்ட் ஆகிய இருவரும் மாங்கனீசு ஆக்சைடில் நியூட்ரான் விளிம்பு விளைவின் வழியே மெய்ப்பித்தனர்.

ஆயினும் நியூட்ரான் முறை தருவது படிகம் முழுமைக்குமான சராசரியே. வேற்றணுக்களைச் சேர்த்தபின் காந்தக் குறிகை குறைகிறது எனக் கொள்வோம். ஒழுங்கு எல்லா இடங்களிலும் சமமாக நலிந்ததா? அன்றிச் சில இடங்களில் நிலைத்தும் பிற இடங்களில் அழிந்தும் போனதா? குறிகையின் அளவு மட்டும் இதற்கு விடை கூறாது. இரண்டும் முற்றிலும் வேறான நிலைகள்.

படமாக்கும் முறை

1981இல் பின்னிக், ரோரர் ஆகியோர் உருவாக்கிய வருடும் ஊடுருவு நுண்ணோக்கியில், கூர்முனைக்கும் பரப்புக்கும் இடையே எலக்ட்ரான்கள் ஊடுருவிச் செல்கின்றன. இடைவெளி 0.1 நானோமீட்டர் கூடினால் மின்னோட்டம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகும். முனையைக் காந்தத் தன்மையுடையதாக்கினால், அதன் தற்சுழற்சியும் அணுவின் தற்சுழற்சியும் ஒத்துள்ளனவா என்பதைப் பொறுத்தும் மின்னோட்டம் சற்றே மாறும். இச்சிறு மாற்றத்தைப் பிரித்தெடுக்கும் வழி எளிது. புறக் காந்தப்புலத்தைத் திருப்பி முனையின் தற்சுழற்சியை மட்டும் மாற்றி, அதே பரப்பை மீண்டும் படமெடுத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்க வேண்டும். அணுக்களின் உருவம் நீங்கிக் காந்த அமைப்பு எஞ்சும். நிகரக் காந்தமற்ற எதிர் ஃபெர்ரோ ஒழுங்கு மிதமான புலத்துக்குத் திரும்புவதில்லை என்பதே இதற்கு அடிப்படை.

மின்னோட்டம் பாயாத பொருளில் இம்முறை பயன்படாது. பாய்ந்தாலும் அது காட்டுவது மேற்பரப்பையே. ஸ்ட்ரான்சியம் இரிடேட்டின் ஈரடுக்குச் சேர்மம் ஆற்றல் இடைவெளி குறுகிய மாட் மின்கடத்தாப் பொருள் என்பதால் ஆய்வுக்கு இடம் தருகிறது.

லாந்தனம் சேர்த்த இரிடேட்

இச்சேர்மத்தில் ஸ்ட்ரான்சியத்தின் இடத்தில் லாந்தனம் அமர்ந்தால் ஓர் எலக்ட்ரான் மிகுதியாகக் கிடைக்கும். இதை ‘மாசூட்டல்’ என்கிறோம். அச்சொல் அழுக்கை நினைவூட்டுவது பொருத்தமன்று; இங்கு அது அளந்து செய்யும் மாற்றம்.

பாஸ்டன் கல்லூரி ஆய்வாளர்கள் பங்கேற்று 2021இல் வெளியான ஆய்வு, சில விழுக்காடு லாந்தனமே ஒழுங்கைச் சிதறடிக்கப் போதும் எனக் காட்டியது. ஒழுங்கு சீராக நலியவில்லை. நானோமீட்டர் அளவிலான திட்டுகளாக உடைந்தது. அத்திட்டுகள் லாந்தனம் அமர்ந்த இடங்களிலிருந்து, குறிப்பாக ஈரடுக்கின் நடுவிலுள்ள ஸ்ட்ரான்சியம் ஆக்சைடு தளத்தில் அமர்ந்தவற்றிலிருந்து, விலகித் திரண்டிருந்தன.

இதுவரை கண்டது எதிர்பார்க்கத்தக்கதே. வியப்பு அடுத்த சோதனையில் உள்ளது. படிகத்தை வெப்பப்படுத்திக் காந்த ஒழுங்கை அழித்து மீண்டும் குளிர்வித்தபோது, லாந்தனம் அணுக்கள் இருந்த இடத்திலேயே இருக்க, திட்டுகள் மட்டும் புதிய அமைப்பில் தோன்றின. வேற்றணுக்களின் இருப்பிடம் திட்டுகளின் இடத்தை முழுமையாகத் தீர்மானிப்பதில்லை. ஒரே படிகத்தில் நிலையான காந்த அமைப்புகள் பல இயலும். ஆயினும் ஒவ்வோர் அமைப்பிலும் திட்டுகளின் வடிவம் அளவுகோல் மாறினும் தன்னையொத்திருக்கும் ஃப்ராக்டல் தன்மையை இழக்கவில்லை.