வழுக்கையாற்றுக்கு வழி விடுவோம்

யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. வலிகாமத்தில் மாரிமழைக்கு மட்டும் ஓடுவது வழுக்கையாறு. தெல்லிப்பழை, அளவெட்டிப் பக்கத்து மழைவெள்ளம் கந்தரோடை, சண்டிலிப்பாய் வழியாக வந்து அராலியில் கடலேரியைச் சேர்கின்றது. கோடையில் அது வெறும் புற்றரையாகவே தெரியும். அதனால்தான் பலர் அதையும் அதில் சேரும் வாய்க்கால்களையும் குப்பை கொட்டும் இடமாக நினைக்கின்றனர்.

எமது கிணறுகளின் உயிர் மழைநீரில்தான் இருக்கின்றது. அது சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளினூடாக இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் நன்னீராகத் தங்குகின்றது. நாம் கொட்டும் கழிவும் அதே வெடிப்புகளினூடாகவே கிணற்றுக்குப் போகும்.

1990 முதல் வலிகாமம் வடக்கு மக்களும், 1995 ஒக்ரோபரில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தோம். ஊரில் ஆளில்லாத காலத்தில் வாய்க்கால்கள் தூர்ந்தன. திரும்பி வந்தவர்கள் வீட்டையும் கிணற்றையும் திருத்தினார்கள். வாய்க்காலைக் கவனிக்க எவருமில்லை. 2020 டிசெம்பரில் புரெவிப் புயல் மழையின்போது அதன் பலனைக் கண்டோம். கணவரை இழந்து, குத்தகை வயலை நம்பி மூன்று பிள்ளைகளை வளர்க்கும் ஒரு சகோதரியின் நெற்பயிர் வெள்ளத்துக்குள் நின்றே அழுகியது.

பின்னர் ஓர் ஆவணியில் எமது மாதர் சங்கம் சிரமதானத்துக்கு அழைத்தது. கமநல சேவை நிலையத்திலும் பிரதேச சபையிலும் முன்கூட்டியே சொல்லி வைத்தோம். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள், 20 பேர் வரை சேர்ந்தோம். பெரும்பாலும் பெண்கள். பற்றைகளை வெட்டி, மதகுக்குள் அடைத்திருந்த சொப்பின் பைகளையும் பம்பர்ஸ்களையும் உரப்பைகளில் அள்ளினோம். பிரதேச சபை உழவு இயந்திரம் அனுப்பியது.

ஓரிடத்தில் ஒரு வீட்டு வேலி வாய்க்காலுக்குள் நின்றது. வீட்டுக்காரர் கோபித்தார். எங்களுடன் வந்த வயதான அம்மா ஒருவர், “தம்பி, தண்ணி போற வழியை மறிச்சால் அது உன்ரை வீட்டுக்குள்ளதான் வரும்” என்றார். கிராம அலுவலர் வந்து எல்லையைக் காட்டியபின் வேலி பின்னுக்குப் போனது.

2024 நவம்பரில் பெருமழை பெய்தபோது அந்தச் சகோதரியின் வயலில் மூன்றாம் நாளே தண்ணீர் வடிந்தது. ஓரத்துப் பயிர் மஞ்சளித்தது, மற்றது தப்பியது. கீழ்ப்பக்கத்து ஊர்களில் வாய்க்கால் இன்னும் தூர்ந்தே கிடக்கின்றது. அதையும் திறந்தால்தான் வேலை முழுமையாகும்.

சிரமதானம் செய்ய விரும்பும் சகோதரிகள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். 2024 டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் உயிர்களைப் பறித்தது. ஆகவே காலில் புண் இருந்தால் சேற்றில் இறங்காதீர்கள். பூட்ஸும் கையுறையும் அணியுங்கள். தடுப்பு மாத்திரை தேவையா எனப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். சந்தேகத்துக்கிடமான இரும்புப் பொருள் எதையும் தொடாமல் உடனே பொலிஸுக்கு அறிவியுங்கள். அள்ளிய மண்ணைக் கரையிலேயே குவிக்காதீர்கள். முதல் மழைக்கே அது திரும்பவும் உள்ளே போகும்.

புரட்டாதி பிறக்குமுன் உங்கள் ஊர் வாய்க்கால் வழியே ஒருமுறை நடந்து பாருங்கள். தண்ணீர் எங்கே மறிபடுகின்றது என்பதை அடுப்படிக்குள் வெள்ளம் கண்ட பெண்களே முதலில் அறிவார்கள்.