இனித்த கிணறு உவர்ப்பதேன்?

கடலோர ஊர்களிலே காணி வாங்கச் செல்வோர் முதலில் விசாரிப்பது, “கிணறு நல்ல தண்ணீரோ, சவரோ?” என்பதையே. நல்ல தண்ணீர்க் கிணறு ஒரு குடும்பத்தின் பெருஞ்செல்வம். ஒருமுறை நன்னீராயிருந்த கிணறு என்றும் அவ்வாறே இருக்குமென நாம் நம்பிவிடுகின்றோம். அந்நம்பிக்கை சரியன்று என்பதை இறால் பண்ணைகளின் வரலாறு காட்டுகின்றது.

நமது நாட்டிலே 1980 ஆம் ஆண்டுகளில் சிலாபம், முந்தல், புத்தளம் ஆகிய பகுதிகளில் இறால் பண்ணைகள் பெருகின. களப்புகளையும் அவற்றை இணைக்கும் ஒல்லாந்தர் கால்வாயையும் அடுத்துக் குளங்கள் வெட்டப்பட்டன. வெளிநாட்டுச் செலாவணி கிடைத்தது. பலருக்குத் தொழிலும் கிடைத்தது. அதனை நாம் மறுப்பதற்கில்லை. ஆயினும் 1996 ஆம் ஆண்டிலே வெண்புள்ளி நோய் பரவி இறால்கள் மடிந்தபோது, பல குளங்கள் கைவிடப்பட்டன. முதலிட்டவர் வேறு தொழிலை நாடலாம். மண்ணிலே படிந்த உப்போ எளிதில் அகல்வதில்லை.

உப்பு கிணற்றை அடைவது எவ்வாறு? மழைநீர் மணலூடே இறங்கி, நிலத்தின் கீழுள்ள உவர்நீரின் மேல் மிதக்கின்றது. நன்னீர் இலேசானது; கடல்நீர் பாரமானது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 அடி உயர்ந்து நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் இருக்கும். இக்கணக்கைக் கண்டறிந்தவர்கள் ஒல்லாந்தரான கைபன், ஜேர்மானியரான ஹெர்ஸ்பேர்க் என்போர். மாணவர்கள் இதன் மறுபுறத்தையும் சிந்திக்க வேண்டும். மிகையாக இறைப்பதனால் மேல்மட்டம் அரை அடி தாழ்ந்து நிலைக்குமாயின், கீழேயுள்ள உவர்நீர் காலப்போக்கில் 20 அடி மேலெழும்.

இறால் குளம் இச்சமநிலையை இருவழியாற் குலைக்கின்றது. முதலாவது, குளத்தில் தேக்கிய உவர்நீர் மணற்பாங்கான அடித்தளத்தினூடே கசிந்து இறங்குகின்றது. வெயிலிலே நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. ஆகவே கோடையிற் கசியும் நீரின் உவர்ப்பு மேலும் மிகும். இரண்டாவது, அவ்வுவர்ப்பைத் தணிப்பதற்கெனச் சில இடங்களில் நிலத்தடி நன்னீரையே இயந்திரத்தால் இறைத்துக் குளத்திற் கலக்கின்றனர். தாய்வானின் தென்பகுதியில் மீன், இறால் வளர்ப்புக்காக இவ்வாறு மிகையாக இறைத்ததனால், நிலமே தாழ்ந்துபோயிற்று.

கிணறு கெடுவதற்கு மிகுந்த உப்பு வேண்டியதில்லை. ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. நூறு குடம் நன்னீரில் இரண்டு குடம் கடல்நீர் கலந்தாலே நாவுக்கு உவர்ப்புத் தெரியும். இல்லத்தரசிகள் ஒன்றை நினைவிற் கொள்வது நன்று. கொதிக்க வைப்பதனால் கிருமிகள் மடியுமேயன்றி உப்பு நீங்காது. நீர் வற்ற வற்ற உவர்ப்பு மிகும். உவர்த்த கிணற்றை மேலும் ஆழமாக வெட்டுவதும் பெரும்பாலும் வீணே. அது உவர்நீரை நெருங்குவதாகவே முடியும்.

தமிழ்நாட்டிலே கிராமத்தவர் இதனை எதிர்த்து நின்றனர். காந்தியத் தொண்டர் சங்கரலிங்கம் ஜெகந்நாதனும் அவர் துணைவியார் கிருஷ்ணம்மாளும் நாகப்பட்டினக் கரையோர உழவர்களுக்காகப் போராடினர். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996 டிசெம்பர் 11 ஆந் திகதி இந்திய உயர்நீதிமன்றம், கரையோர ஒழுங்கு வலயத்திலுள்ள இறால் பண்ணைகளை அகற்றுமாறும், கேடு விளைத்தவரே நட்டஈடு கொடுக்குமாறும் தீர்ப்பளித்தது. எனினும் 2005 ஆம் ஆண்டில் இந்தியப் பாராளுமன்றம் தனிச்சட்டம் ஒன்றை இயற்றி, அனுமதி பெற்ற பண்ணைகள் கட்டுப்பாட்டுடன் நடைபெற வழிசெய்தது.

இறால் வளர்ப்பே கூடாது என்பது நம் கருத்தன்று. மணற்பூமியை விலக்கிக் களிமண் நிலத்தைத் தெரிதல், குடிநீர்க் கிணறுகளிலிருந்து போதிய தூரம் விடுதல், நிலத்தடி நன்னீரைத் தொடாதிருத்தல், கழிவுநீரைச் சுத்திகரித்து வெளியேற்றுதல், கண்டற் காடுகளை அழியாது காத்தல் ஆகியவை கைக்கொள்ளக்கூடிய வழிகளே. இவற்றுக்குச் செலவாகும் என்பர் சிலர். அச்செலவைப் பண்ணைக்காரர் ஏற்காவிடின், குடத்தை இடுப்பிலேந்தி நெடுந்தூரம் நடக்கும் அயற்கிராமத்துப் பெண்களே அதனை ஏற்கின்றனர். குளம் வெட்டுவதற்கு அனுமதி வழங்குமுன், அப்பெண்களையும் ஒரு வார்த்தை கேட்பது முறையன்றோ?