திறந்த பிறகு என்ன?

அடுப்பில் பால் பொங்கி வருகிறது. சட்டென்று தணலைக் குறைக்கிறீர்கள்; பால் அடங்கிவிடுகிறது. "சரி, அபாயம் நீங்கியது" என்று மறுபடியும் தணலைத் தூண்டிவிட்டு நீங்கள் கூடத்துக்குப் போனால் என்ன ஆகும்? அதை உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை!

கொள்ளைநோய்க் காலத்தில் ஊரை மூடுவதும் திறப்பதும் ஏறக்குறைய இதே சமாசாரந்தான். 2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்த நாமெல்லோரும், "எப்போது திறப்பார்கள்?" என்றுதான் தினமும் கேட்டோம். திறந்த பிறகு என்ன நடக்கும் என்று கேட்டவர்கள் கொஞ்சம் பேர். அதற்கு விடை நூறு வருஷத்துக்கு முன்பே அமெரிக்காவில் கிடைத்திருந்தது.

1918-ஆம் ஆண்டு. முதல் உலக யுத்தம் முடியும் தறுவாயில் இன்ஃப்ளூயன்ஸா என்னும் விஷக் காய்ச்சல் உலகத்தையே ஆட்டி வைத்தது. பிலடெல்பியா நகரில் நோய் தலைகாட்டிய பிறகும், செப்டம்பர் 28-ஆம் தேதி யுத்தக் கடன் திரட்டப் பெரிய ஊர்வலம் நடத்தினார்கள். சுமார் இரண்டு லட்சம் ஜனங்கள் கூடினார்கள். செயின்ட் லூயிஸ் நகரிலோ, முதல் நோயாளிகள் தென்பட்ட சில நாட்களிலேயே, டாக்டர் மாக்ஸ் ஸ்டார்க்லாஃப் என்ற சுகாதார அதிகாரி பள்ளிக்கூடம், சினிமாக் கொட்டகை, மாதா கோவில் எல்லாவற்றையும் மூடச் செய்தார்.

மிக மோசமான வாரத்தில் பிலடெல்பியாவில், வழக்கத்துக்கு மேல், லட்சத்துக்கு 257 பேர் மாண்டார்கள். செயின்ட் லூயிஸின் முதல் அலையில் அது 31 தான்.

யுத்தம் ஓய்ந்தது, நோயும் தணிந்தாற்போல் இருந்தது. நவம்பர் நடுவில் செயின்ட் லூயிஸில் தடைகளைத் தளர்த்தினார்கள். மாதம் முடிவதற்குள் நோய் திரும்பி வந்துவிட்டது! இந்தத் தடவை குழந்தைகள் பலர் படுத்தார்கள். திறந்த பள்ளிகளை மறுபடி மூட வேண்டியதாயிற்று.

பதினேழு நகரங்களின் பழைய கணக்குகளை 2007-இல் ஆராய்ந்தவர்கள் ஓர் உண்மையைக் கண்டார்கள். தடைகள் நடப்பில் இருந்தவரை எந்த நகரிலும் இரண்டாவது அலை எழவில்லை. தளர்த்திய பிறகே எழுந்தது. முதலில் தப்பிய ஊர்களில்தான் அது கடுமையாகவும் இருந்தது. காரணம், நோய் இன்னும் தொடாத உடம்புகள் அங்கே அதிகம்.

"அப்படியானால் மூடியதெல்லாம் வீண்தானே?" என்று கேட்பீர்கள். இல்லை. இரண்டு அலைகளையும் சேர்த்துப் பார்த்தாலும் செயின்ட் லூயிஸில் மரணம் பிலடெல்பியாவில் பாதி அளவே. ஆனால் அன்று தடுப்பூசி கிடையாது. மூடியதால் கிடைத்த அவகாசத்தில் செய்ய அதிகம் ஒன்றுமில்லை.

நம் காலத்தில் நியூஸிலாந்து அந்த அவகாசத்தை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது. 2020-இல் எல்லையை மூடியது. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இரண்டு ஊசி போட்ட பிறகு, 2022-இல் படிப்படியாகத் திறந்தது. அப்போது நோய் லட்சக்கணக்கானவர்களைத் தொற்றியது; சாவும் நேர்ந்தது. ஆனாலும் அந்த மூன்று வருஷங்களையும் சேர்த்தால், வழக்கமான மரணங்களுக்கு மேல் அங்கே ஏறக்குறைய ஒன்றும் கூடவில்லை.

இன்னொன்றையும் ஞாபகத்தில் வையுங்கள். ஊர் திறந்த முதல் வாரம் நிம்மதியாகத்தான் இருக்கும். தொற்றியவருக்குக் காய்ச்சல் காணச் சில நாட்கள். உயிருக்கு அபாயம் வர இரண்டு மூன்று வாரங்கள். ஆகவே முதல் வார அமைதியைக் கண்டு ஏமாறக் கூடாது.

மறுபடியும் ஒரு கொள்ளைநோய் வந்து, மூடிய ஊரை என்றாவது ஒரு நாள் திறந்தால், விருந்துக்கு ஆள் சேர்க்கும் முன் உங்கள் வீட்டுப் பாட்டிக்கு ஊசி போட்டாயிற்றா என்று பாருங்கள். ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். இருமுகிற விருந்தாளியை, "இன்னொரு நாள் வாருங்கள்" என்று சொல்லத் தயங்காதீர்கள்.

தணலைத் தூண்டத்தான் வேண்டும். சமையல் ஆக வேண்டுமே! அடுப்பை விட்டு நகராமல் இருந்தால் போதும்.