கச்சான் சேராத பேரீச்சை, தேங்காய் உருண்டை: வீட்டிலேயே செய்வோம்

பிள்ளைகளுக்குக் கொடுக்கும் சிற்றுண்டி என்றதும் நம் மாவட்டத்தில் முதலில் நினைவுக்கு வருவது கச்சான். மாமாங்கத் திருவிழாவுக்குப் போனவர்கள் கச்சான் வாங்காமல் வீடு திரும்புவது குறைவு. விலை குறைந்ததும் புரதமும் கொழுப்பும் நிறைந்ததுமான நல்ல உணவு அது. ஆயினும் சில பிள்ளைகளின் உடல் அதனை ஏற்றுக்கொள்வதில்லை. அத்தகைய பிள்ளை கச்சானையோ மரமுந்திரிகைப் பருப்பையோ மிகச் சிறிதளவு உண்டாலும் உயிராபத்து ஏற்படலாம். இதனையே வைத்தியர்கள் ஒவ்வாமை என்கின்றனர்.

தன் வீட்டில், தன் அடுப்பில் சமைக்கும் தாய் இப்பிள்ளையைக் கவனமாகப் பார்த்துக்கொள்வாள். இடம்பெயர்ந்த குடும்பத்தின் நிலை வேறு. 1990இலும், 2004 சுனாமியின் பின்னரும், 2006, 2007ஆம் ஆண்டுகளிலும் எமது மக்கள் பாடசாலைகளிலும் கோவில்களிலும் முகாம்களிலும் தங்கினர். 2011 ஜனவரி வெள்ளத்தின்போதும் அவ்வாறே. ஒரே தாச்சியில் பலருக்குச் சமையல், ஒரே அம்மியில் பலருடைய அரைப்பு, யாரோ அன்போடு நீட்டும் பொதிகள். இந்தச் சூழ்நிலையில் பிள்ளைக்கென்று தனியாக, நம்பிக்கையோடு கொடுக்கக்கூடிய ஒரு சிற்றுண்டி கையில் இருப்பது பெரும் ஆறுதல். பேரீச்சம்பழத்தையும் தேங்காயையும் கொண்டு அதனைச் செய்யும் முறையை இக்கட்டுரை விளக்குகின்றது.

கச்சானைத் தவிர்க்க இன்னொரு காரணம்

வெள்ளத்தில் நனைந்த, அல்லது ஈரமான இடத்தில் மூட்டையாகக் கிடந்த கச்சானில் பூஞ்சணம் பிடிக்கும். அப்பூஞ்சணம் அஃப்லாடொக்சின் என்னும் நஞ்சை உண்டாக்குகின்றது. 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் இறந்தபோதுதான், அவற்றின் தீவனத்திலிருந்த கச்சான் பிண்ணாக்கு மூலம் இந்நஞ்சு கண்டுபிடிக்கப்பட்டது. இது ஈரலைத் தாக்கும். வறுத்தாலும் அவித்தாலும் முற்றாக அழியாது. எனவே நிறம் மாறிய, கசக்கின்ற, சுருங்கிய கச்சானை எவருக்குமே கொடுக்கக் கூடாது.

ஆனால் ஒவ்வாமை இல்லாத பிள்ளைகளுக்கு நல்ல கச்சானைப் பயந்து நிறுத்த வேண்டியதில்லை. சிறு வயதிலேயே கச்சானைப் பக்குவமாக உண்ணத் தொடங்கும் பிள்ளைகளுக்கு ஒவ்வாமை ஏற்படுவது குறைகின்றது என்று லண்டன் வைத்தியர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஆயினும் ஐந்து வயதுக்குட்பட்டோருக்கு முழுக் கச்சானைக் கொடுக்க வேண்டாம், தொண்டையில் சிக்கும். இடித்து அல்லது அரைத்தே கொடுக்க வேண்டும்.

தேங்காயும் ஒரு கொட்டை அல்லவா?

பலர் கேட்கும் கேள்வி இது. கச்சான், மரமுந்திரிகை ஒவ்வாதவர்களில் மிகப் பெரும்பாலோர் தேங்காயைத் தீங்கின்றி உண்கின்றனர். அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகம் முன்னர் தேங்காயையும் மரக்கொட்டைகளின் பட்டியலில் வைத்திருந்தது. 2025 ஜனவரியில் அதனை நீக்கிவிட்டது. தேங்காயே ஒவ்வாதவர்களும் அரிதாக இருக்கின்றனர். உங்கள் பிள்ளை சொதியும் பிட்டும் சம்பலும் உண்டு வளர்ந்த பிள்ளையாயின் அந்தக் கவலை வேண்டியதில்லை.

எள்ளு அவ்வாறன்று. அது பலருக்கு ஒவ்வாமை தரும் பொருள். எனவே இந்த உருண்டையில் எள்ளுச் சேர்ப்பதைத் தவிர்க்கவும்.

பொருட்களைத் தெரிவு செய்தல்

தேங்காய் எழுவான்கரை மணலில் விளைவது. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி நம் தென்னைகளைப் பெருமளவில் சாய்த்தபின், மீண்டும் நட்டு வளர்த்த மரங்கள் பல. அரிசி படுவான்கரை வயல்கள் தருவது. பேரீச்சம்பழமோ பெரும்பாலும் அரபு நாடுகளிலிருந்து வருகின்றது. காத்தான்குடிப் பிரதான வீதியில் பேரீச்சை மரங்கள் நின்றாலும், நாம் உண்பது இறக்குமதிப் பழமே. ரமழான் காலத்தில் காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடிக் கடைகளில் தாராளமாகக் கிடைக்கும்.

கடையில் மரமுந்திரிகைப் பருப்பை அள்ளும் அதே கரண்டியால் பேரீச்சம்பழத்தையும் அள்ளிக் கொடுப்பதுண்டு. ஆகவே ஒட்டி மூடிய பக்கற்றையே வாங்கவும். பருப்பு வைத்து நிரப்பிய பழங்களும் விற்பனைக்கு வருகின்றன, அவற்றைத் தவிர்க்கவும். இந்தியப் பொதிகளில் நிலக்கடலை, வேர்க்கடலை என்று அச்சிட்டிருப்பது நம்முடைய கச்சானையே என்பதை மறக்க வேண்டாம். நாம் கடலை என்று அவித்துத் தாளிப்பது வேறு.

தேவையானவை

- விதை நீக்கிய பேரீச்சம்பழம் 250 கிராம்
- நடுத்தரத் தேங்காயில் பாதி, துருவியது
- வறுத்த அரிசிமா அரைக் கோப்பை
- தேங்காயெண்ணெய் 1 தேக்கரண்டி
- ஏலக்காய் 2, உப்பு ஒரு சிட்டிகை

இவ்வளவில் நெல்லிக்காயளவான உருண்டைகள் ஏறக்குறைய 20 பிடிக்கலாம்.

செய்முறை

1. ஒவ்வொரு பழத்தையும் பிளந்து விதையை எடுக்கவும். உள்ளே புழுவோ கறுத்த தூளோ இருந்தால் அப்பழத்தை வீசவும். மற்றவற்றை விரைவாகக் கழுவி, துணியில் ஒற்றி, வலைத் துணியால் மூடி வெயிலில் உலர்த்தவும்.

2. தேங்காய்ப்பூவை எண்ணெயின்றித் தாச்சியிலிட்டு, மெல்லிய நெருப்பில் கைவிடாமல் கிளறவும். முதலில் ஆவி எழும்பும். ஆவி அடங்கி, பூ கலகலவென்று உதிர்ந்து இளம் பொன்னிறமாகும்வரை வறுக்கவும். 15 முதல் 20 நிமிடம் செல்லும். நெருப்பு கூடினால் வெளியே கருகி உள்ளே ஈரம் நின்றுவிடும்.

3. வறுத்த பூவில் மூன்றில் ஒரு பங்கை எடுத்து வைக்கவும்.

4. தாச்சியில் எண்ணெய் விட்டு, பழத்தைப் போட்டு, இளகும்வரை மசிக்கவும். பழம் மிகவும் காய்ந்திருந்தால் நீத்துப்பெட்டியில் ஐந்து நிமிடம் அவித்துக்கொள்ளலாம். தண்ணீர் ஊற்றக் கூடாது.

5. இறக்கி, தேங்காய்ப்பூ, அரிசிமா, ஏலக்காய்த் தூள், உப்பு சேர்த்துப் பிசையவும். இளஞ்சூட்டிலேயே உருட்டி, எடுத்து வைத்த பூவில் புரட்டவும்.

6. நன்றாக ஆறிய பின்னரே மூடியுள்ள உலர்ந்த பேணியில் அடுக்கவும். சூட்டோடு மூடினால் வியர்வை படிந்து கெட்டுவிடும்.

பழம் போதாவிட்டால் பாதியளவு பழத்துடன் பனங்கட்டிப் பாகு சேர்க்கலாம். பாகு கம்பிப் பதம் வரும்வரை காய்ச்ச வேண்டும்.

ஏன் இவ்வளவு வறுக்க வேண்டும்?

புதிய தேங்காயில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அதனால்தான் காலையில் துருவிய பூ மாலையில் புளிக்கின்றது. பேரீச்சம்பழம் மாதக்கணக்கில் நிற்பதற்குக் காரணம் அதிலுள்ள சீனி. கிருமிகளுக்கு வேண்டிய தண்ணீரை அது விட்டுக்கொடுப்பதில்லை. ஈரமான தேங்காயைச் சேர்த்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். நன்கு வறுத்த பூவில் செய்த உருண்டை வெயில் காலத்தில் ஒரு வாரம் இருக்கும். மாரியில் மூன்று, நான்கு நாட்களுக்குள் முடித்துவிட வேண்டும். காறல் வாடை வந்தாலோ, ஓர் உருண்டையில் பூஞ்சணம் கண்டாலோ பேணியிலுள்ள அனைத்தையும் வீசவும். நிவாரணத்தில் வந்த பொருள் என்று வைத்து உண்ண வேண்டாம்.

பொதுச் சமையலறையில் கவனிக்க வேண்டியவை

- கச்சான் இடித்த உரலையும் அரைத்த அம்மியையும் பயன்படுத்த வேண்டாம். மரத்திலும் கல்லிலும் தங்கிய துகளைக் கழுவி எடுப்பது கடினம்.
- தாச்சி, அகப்பை, கைகள் யாவற்றையும் சவர்க்காரமிட்டுக் கழுவவும். வெறும் தண்ணீர் போதாது.
- கச்சான் பொரித்த எண்ணெயை மீண்டும் எடுக்க வேண்டாம்.
- பேணிக்கு அடையாளமிட்டு, பிள்ளையின் பெயரை எழுதி வைக்கவும்.
- முன்பள்ளி ஆசிரியைக்கும், உறவினருக்கும், முகாம் சமையற்காரருக்கும் பிள்ளையின் நிலையை முன்கூட்டியே சொல்லி வைக்கவும். "கொஞ்சம் தின்றால் ஒன்றும் செய்யாது" என்று கொடுப்பவர்களே ஆபத்தை விளைவிப்பவர்கள்.

ஆபத்தின் அறிகுறிகள்

உண்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் உதடு, கண் இமை வீங்குதல், உடலில் தடிப்பு, தொடர்ச்சியான வாந்தி, குரல் அடைத்தல், மூச்சிரைப்பு, மயக்கம் ஆகியன தோன்றலாம். மூச்சுத் திணறலோ மயக்கமோ கண்டால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். வரும்வரை பிள்ளையைப் படுக்க வைத்துக் கால்களை உயர்த்தவும். மூச்சுவிடச் சிரமப்பட்டால் உட்கார வைக்கவும். எழுந்து நடக்க விட வேண்டாம். வாய்வழியாக எதனையும் கொடுக்க வேண்டாம். வைத்தியசாலையில் போடும் அட்ரினலின் ஊசியே உயிரைக் காக்கும் மருந்து.

எவ்வளவு கொடுக்கலாம்?

நாளொன்றுக்கு ஒன்று அல்லது இரண்டு உருண்டை போதும். இது சோற்றுக்கும் பருப்புக்கும் மீனுக்கும் பதிலாகாது. கச்சானில் உள்ளளவு புரதம் இதில் இல்லை. எனவே முட்டை, மீன், பயறு ஆகியவற்றில் பிள்ளைக்கு ஒத்துக்கொள்வதை உணவில் சேர்க்கவும். பழம் பல்லில் ஒட்டுமாதலால் உண்டபின் வாய் கொப்பளிக்கப் பழக்கவும். சிறு குழந்தைகளுக்கு உருண்டையாகக் கொடுக்காமல் தட்டையாக்கி, பிய்த்துக் கொடுக்கவும். நீரிழிவு உள்ள பெரியவர்கள் இதனை இனிப்பாகவே கணக்கிட வேண்டும்.

விற்பனைக்குச் செய்வோர்

சில சகோதரிகள் இதனைச் சிறு வருமானமாகவும் ஆக்கிக்கொள்ள விரும்பலாம். செய்வதற்கு முன் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைச் சந்திக்கவும். சேர்த்த பொருட்கள் அனைத்தையும், செய்த திகதியையும் பொதியில் எழுதவும். அதே அடுக்களையில் கச்சான் அல்வாவும் செய்வீர்களாயின் "கச்சான் இல்லை" என்று எழுதக் கூடாது. அந்த இரண்டு சொற்களை நம்பியே முகமறியாத ஒரு தாய் தன் பிள்ளைக்கு அதனை ஊட்டுகிறாள்.